மறுக்காவிட்டால் உறுப்பு தானத்துக்குச் சம்மதமா? திருகோணமலையில் ஒரு வார இறுதி வகுப்பு, காசுக்குப் பெறுமதிதானா?

முதலில் காசுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். 18,000 ரூபாய், இரண்டு தவணையில் கட்டலாம். பரீட்சைக் கட்டணம் தனி. சேரும்போது அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். சனிக்கிழமை பின்னேரமும் ஞாயிறு காலையும் வகுப்பு. நகரத்துக்குள் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடி. கீழே இரும்புக் கடை, ஆணி நிறுக்கிற சத்தம் வகுப்புக்குள் கேட்கும். தமிழ் மொழிமூலம். ‘பொதுக் கொள்கைச் சான்றிதழ் கற்கை’ என்று பெயர். நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை. நல்லதும் கெட்டதும் கலந்து எழுதப் போகிறேன், நாளைக்கு அவர்களே வதிவிடச் சான்றிதழுக்கு என் கந்தோர் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஆம், நான் கிராம உத்தியோகத்தர். பட்டினமும் சூழலும் பிரதேசச் செயலகப் பிரிவில் வேலை. பிள்ளைகள் ‘ஜீஎஸ் மிஸ்’ என்பார்கள், வயசானவர்களுக்கு நான் இன்னும் ‘விதானையார்’தான், பெண் என்பதெல்லாம் கணக்கில்லை. பதவி உயர்வு நேர்முகத்தில் காட்ட ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. இந்த மாதிரிக் கற்கைகள் கொழும்பில்தான் நடக்கும், அதுவும் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய்வரக்கூடிய தூரத்தில் தமிழில் ஒன்று என்றதும் யோசிக்காமல் சேர்ந்தேன்.

துண்டுப் பிரசுரத்தில் காணி, மீன்பிடி, போக்குவரத்து, கல்வி, சுகாதாரம் என்று ஐந்து கொள்கைகள் போட்டிருந்தார்கள். நடந்தது வேறு. காணியும் மீன்பிடியும் ஓட்டமாக ஓடி முடிந்தன. போக்குவரத்தும் கல்வியும் நிழற்படப் பிரதியாகக் கையில் வந்தன, வகுப்பில் வரவில்லை. மிச்சம் முழுக்க ஒரே ஒரு கேள்வி: இறந்தவரின் உறுப்புகளை எடுப்பதற்கு, அவர் மறுக்கவில்லை என்பதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா? மீன்பிடிப் பகுதிக்காகவே மூதூரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு அண்ணைக்குச் சரியான கோபம். அவர் கோபம் நியாயம். ஆனாலும் எனக்கு இந்த மாற்றம் பிடித்தது. ஐந்து விசயத்தை நுனிப்புல் மேய்வதைவிட ஒன்றை அடிவரைக்கும் தோண்டினால்தான் கொள்கை என்றால் என்ன என்று பிடிபடும்.

வகுப்பு எடுக்கும் சேர் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருபவர், சுகாதாரத் துறையில் நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு வருவதில்லை, பஸ்ஸைக் குறை சொல்வார். வந்த பிறகு நேரம் போவது தெரியாது.

அவர் தொடங்கிய விதம் கெட்டித்தனமானது. 1987ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டார். அந்த வருடம் இலங்கையில் மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 48ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதே வருடம் சிங்கப்பூரிலும் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. இரண்டு தீவுகள், ஒரே வருடம், இரண்டு வழி. இங்கே, கொடுக்க விரும்புகிறவர் தானே சொல்ல வேண்டும், அல்லது இறந்த பின் குடும்பம் சொல்ல வேண்டும். அங்கே, கொடுக்க விரும்பாதவர் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் சம்மதம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதி மறுத்தவருக்கு நாளை ஒரு சிறுநீரகம் தேவைப்பட்டால் காத்திருப்புப் பட்டியலில் அவர் பின்னுக்குத்தான் நிற்பார். இதைக் கேட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது, தேநீர் இடைவேளை வரைக்கும் சத்தம்.

அன்று பின்னேரமே ஒரு அட்டவணையைத் திரையில் போட்டார். எரிக் ஜோன்சன், டானியல் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு பேர் 2003இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட கணக்கு. ஜேர்மனியில் சம்மதம் 12 வீதம், பக்கத்து ஒஸ்ரியாவில் 99.98 வீதம். டென்மார்க்கில் 4.25, பாலத்துக்கு அந்தப் பக்கம் சுவீடனில் 85.9. மொழியும் பண்பாடும் பெரிதாக வேறுபடாத அயல்நாடுகள். வித்தியாசம் படிவத்தில்தான்: ஒன்றில் சேர்வதற்குக் கையெழுத்து, மற்றதில் விலகுவதற்குக் கையெழுத்து. எனக்கு முன் வரிசையில் இருந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் தங்கச்சி, “அப்ப சட்டத்தை மாத்தினாப் போதும்தானே சேர், சோலி முடிஞ்சுது” என்றாள். சேர் சிரித்துவிட்டு வகுப்பை முடித்தார்.

அடுத்த கிழமை வந்து அதே அட்டவணையைப் போட்டு, “இதில எத்தனை பேருக்குச் சிறுநீரகம் கிடைச்சிருக்கு?” என்று கேட்டார். யாருக்கும் பதில் இல்லை, ஏனென்றால் அட்டவணையில் அது இல்லை. 99.98 என்பது மறுக்காமல் இருந்தவர்களின் வீதம். கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லாரும் தீர்மானத்தை ஆதரித்தார்கள் என்று கூட்டறிக்கை எழுதுவது போன்ற கணக்கு. எங்கள் கிராம மட்டக் கூட்டங்களுக்கு அப்படி அறிக்கை எழுதினால் பிரதேசச் செயலாளர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மறுக்காத அந்தச் சனத்தில் எத்தனை பேர் அவசர சிகிச்சைப் பிரிவில், செயற்கைச் சுவாசக் கருவியில், மூளை இறப்பு உறுதியாகி, குடும்பம் தடுக்காத நிலையில் இறக்கிறார்கள் என்பதுதான் உறுப்பு கிடைக்கிற எண்ணிக்கை. அது மிகச் சிறிய எண்ணிக்கை, எந்த நாட்டிலும்.

ஸ்பெயினை எடுத்த விதத்துக்காகவே இந்தக் கற்கைக்கு நான் மதிப்பெண் கொடுப்பேன். உலகத்திலேயே இறந்தவர்களிடமிருந்து அதிகம் உறுப்பு பெறும் நாடு ஸ்பெயின் என்பார்கள், அங்கே மறுக்காவிட்டால் சம்மதம் என்ற சட்டம் இருக்கிறது என்பார்கள், ஆகவே சட்டம்தான் காரணம் என்று முடிச்சுப் போட்டுவிடுவார்கள். சேர் வருடங்களைப் பலகையில் எழுதினார். சட்டம் வந்தது 1979. பத்து வருடம் கழித்து, 1989இல், ஒரு மில்லியன் சனத்தொகைக்கு 14 கொடையாளர். அந்த வருடம்தான் ரபாயேல் மட்டேசான்ஸ் என்ற சிறுநீரக வைத்தியரின் தலைமையில் தேசிய மாற்றுச்சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார்கள். வைத்தியசாலைகளில் இணைப்பாளர்களை நியமித்தார்கள், அநேகமாக அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியர்களையே. குடும்பத்துடன் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எண்ணிக்கை ஏறத் தொடங்கி, இப்போது மில்லியனுக்கு 40ஐத் தாண்டி நிற்கிறது. இதில் வேடிக்கை, மறுப்பவர்களைப் பதிய ஒரு பதிவேடுகூட ஸ்பெயினில் வைக்கவில்லை. எல்லாக் குடும்பத்தையும் கேட்கிறார்கள், குடும்பம் வேண்டாம் என்றால் எடுப்பதில்லை. சட்டம் காரணமில்லை என்று மட்டேசான்ஸ் தானே எழுதியிருக்கிறார்.

பிரித்தானியாவைச் சுருக்கமாக முடித்தார். வேல்ஸ் 2015 டிசம்பரில் இந்த முறைக்கு மாறியது, அங்கே சம்மதம் மெல்ல மெல்ல ஏறியது. இங்கிலாந்து 2020 மே மாதம் மாறியது. அதற்குப் பிந்திய வருடங்களில் குடும்பங்களின் சம்மதம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. நடுவில் கொரோனா, ஆகவே முழுப் பழியையும் சட்டத்தில் போட முடியாது என்றார். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. ஜேர்மனி 2020 ஜனவரியில் பாராளுமன்றத்தில் விவாதித்து, வேண்டாம் என்று வாக்களித்தது. இந்த நாடுகள் பற்றிய திரைக் குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ் மொழிமூலம் என்று காசு வாங்கிவிட்டு இப்படிச் செய்யக்கூடாது. சேரிடம் சொன்னேன், நிர்வாகத்திடம் சொல்லச் சொன்னார். நிர்வாகத்திடம் சொன்னேன், சேரிடம் சொல்லச் சொன்னார்கள்.

பிரேசில் கதையை ஒரு கிராம உத்தியோகத்தர் கேட்க வேண்டும். 1997இல் அங்கே இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கொடுக்க விருப்பமில்லாதவர் தன் அடையாள அட்டையிலோ சாரதி அனுமதிப்பத்திரத்திலோ ‘உறுப்பு வழங்காதவர்’ என்று பதிந்துகொள்ள வேண்டும். சனம் பயந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சாகும் முன்பே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு. 1998இலேயே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். வகுப்பில் மற்றவர்கள் இதைச் சரித்திரமாகக் கேட்டார்கள். எனக்கு மட்டும் என் கந்தோர் வாசலில் வரிசை தெரிந்தது. இங்கே அடையாள அட்டை விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்துவது நாங்கள்தான். மறுப்புப் பதிவு என்று ஒன்று வந்தால் அதுவும் எங்கள் தலையில்தான் விழும், அதற்கு ஒரு படிவம், மூன்று பிரதி, ஒரு பதிவுப் புத்தகம். சமர்த்தானவர், படித்தவர், ஸ்கூட்டி வைத்திருப்பவர் வந்து மறுத்துவிட்டுப் போவார். திருக்கடலூரில் விடியக் கடலுக்குப் போய் வெயில் ஏறத் திரும்பி வருகிறவருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. அவருடைய மௌனம்தான் சம்மதமாகும். இதை நான் கேட்டபோது சேர், “அதை உங்கட பரீட்சைக் கட்டுரையில எழுதுங்கோ மிஸ்” என்றார். எழுதினேன்.

அடுத்தது கற்கையின் பெரிய குறை. சிங்கப்பூர் சட்டம் தொடக்கத்தில் முஸ்லிம்களை விட்டுவைத்திருந்தது. 2007இல் அங்குள்ள முஸ்லிம் மார்க்க சபை அனுமதித்து பத்வா கொடுத்தது, 2008 ஓகஸ்ட் முதல் அவர்களையும் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். சேர் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக இருந்தார். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு ஆசிரியர், எல்லாருக்கும் அவர் ‘நானா’ (அண்ணன்), மெதுவாகக் கை தூக்கினார்.

“மார்க்கம் தடுக்குதா இல்லையா எண்டது உலமாமார் பேசுற விசயம் சேர். அத விடுங்க. சிங்கப்பூர்ல மொதல்ல கேட்டாங்க, பொறகு சட்டத்தை மாத்தினாங்க. இங்க 2020ல எங்கள்ட்ட ஆரு கேட்டது?”

வகுப்பில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 2021 பெப்ரவரி கடைசி வரைக்கும் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறகு முதலில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் மட்டும் அடக்க விட்டார்கள், அப்போது கிண்ணியாக் குடும்பங்களும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அழுது, கெஞ்சி, வழக்குப் போட்டு ‘வேண்டாம்’ என்றவர்களின் சொல்லையே எடுக்காத ஒரு அரசு, நாளைக்கு வாய் திறக்காதவரின் மனதை அறிந்துகொண்டதாகச் சொன்னால் எப்படி இருக்கும்?

எனக்கு வேறு ஒன்றும் ஞாபகம் வந்தது, வகுப்பில் சொல்லவில்லை. காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் என் பிரிவிலும் இருக்கிறார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் கொடுப்பனவு கிடைக்கும் என்று எத்தனையோ அதிகாரிகள் சொல்லியும் கையெழுத்து வைக்க மறுத்தவர்கள். அதற்காகத்தான் 2016இல் சட்டத்தைத் திருத்திக் காணப்படாமைச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை இறந்துவிட்டான் என்று அரசு அனுமானிப்பதையே ஏற்காத ஒரு தாயிடம் போய், நீ சம்மதித்ததாக அனுமானித்துக்கொண்டோம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

சேர் பலகையில் ‘நம்பிக்கை’ என்று பெரிதாக எழுதினார், அடிக்கோடு போட்டார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். ஒரு முழு ஞாயிறு ஒதுக்க வேண்டிய இடம் அது. திருகோணமலையில் வைத்து இந்தப் பாடத்தை எடுப்பதற்கான நியாயமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. கொழும்பில் எடுக்கிற பாடத்தை இங்கே கொண்டுவந்து எடுப்பதற்கு 18,000 ரூபாய் எதற்கு? நானாவும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

நேரக் கணக்குப் பயிற்சி அதற்கு ஈடு செய்தது என்று சொல்லலாம். குழுக்களாகப் பிரித்து, திருகோணமலையில் ஒரு மூளை இறப்பு உறுதியாகிறது, குடும்பம் சம்மதிக்கிறது, இனி என்ன என்று திட்டம் போடச் சொன்னார். இதயத்தை எடுத்தால் ஏறக்குறைய 4 மணித்தியாலத்துக்குள் மற்றவர் நெஞ்சில் வைக்க வேண்டும். சிறுநீரகம் குளிரில் ஒரு நாள் அளவு தாங்கும். கொழும்புக்கு ரோட்டால் 250 கிலோமீற்றருக்கு மேல், கந்தளாய், ஹபரணை என்று போகும்போது நடுவில் யானை நின்றால் அதுவும் கணக்கில். எங்கள் குழு இதயத்தைச் சீனக்குடாவிலிருந்து விமானத்தில் ஏற்றியது. விமானத்துக்கு யார் காசு என்று மூதூர் அண்ணை கேட்டார், கோபத்துக்கு நடுவிலும் நல்ல கேள்வி. பயிற்சி முடியும்போது ஒன்று தெளிவானது: ஒவ்வொரு குழுவும் முட்டிக்கொண்டது அவசர சிகிச்சைக் கட்டில், இரவில் இருக்கும் வைத்தியர், வாகனம் ஆகியவற்றில். சட்டத்தில் ஒரு குழுவும் முட்டவில்லை.

உறுப்புக்காகக் காத்திருப்பவர்கள் யார் என்பதையும் அப்போதுதான் பேசினோம். எங்கள் மாவட்டத்தின் வடமேற்குக் கோடியில் பதவி ஸ்ரீபுர. காரணம் சரியாகப் பிடிபடாத அந்தச் சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு சேர்த்து அந்தப் பக்கத்தையும் பிடித்திருக்கிறது. சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுப் பட்டியல்கள் பிரதேசச் செயலகங்களில் நீண்டுகொண்டு போவதை நாங்கள் பார்க்கிறோம். அதிகமாக விவசாயிகள், குடும்பத்தை உழைத்துக் காப்பாற்றுகிற வயதில் இருப்பவர்கள். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும், வயலை யார் பார்ப்பது? ஆகவே உறுப்பு வேண்டாம் என்று வாதாட நான் இதை எழுதவில்லை. வேண்டும், அதிகமாக வேண்டும்.

சரி, இனி மிகச் சிறந்த வகுப்பு. சேர் ஒரு நாடகம் போட வைத்தார். ஒருவர் இணைப்பாளர், மற்றவர்கள் குடும்பம். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட ஒரு பிள்ளை, மூளை இறப்பு உறுதி. அபிவிருத்தி உத்தியோகத்தர் தங்கச்சி இணைப்பாளராக வந்து, “அம்மா, மகனை மெஷினில உயிரோட வச்சிருக்கிறம்” என்று தொடங்கினாள். சேர் அங்கேயே நிறுத்தினார். உயிரோடு வைத்திருக்கிறோம் என்று நீயே சொன்னால், பிறகு எப்படி இறந்துவிட்டார் என்பாய்? மறுபடி தொடங்கினாள், இறந்துவிட்டார் என்றாள். தாயாக நடித்த நான், “நெஞ்சு ஏறி இறங்குதே பிள்ளை, உடம்பு சுடுகுதே” என்றேன். அந்த வசனத்தை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. செத்த வீடுகளுக்குப் போய்ப் பழகிய வாய். அவளுக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு சேர் காட்டினார். முதலில் மரணத்தை மட்டும் சொல்ல வேண்டும். சுவாசிப்பது கருவிதான், கருவியை நிறுத்தினால் நெஞ்சு நின்றுவிடும் என்று விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அழ விட வேண்டும். தானம் பற்றிய பேச்சு வேறு நேரத்தில், முடிந்தால் வேறு ஆளால், வேறு அறையில். சிகிச்சை செய்த வைத்தியரே வந்து உறுப்புக் கேட்டால், இதற்காகத்தான் கைவிட்டார்களோ என்ற சந்தேகம் வரும். இவ்வளவையும் தாயின் மொழியில் சொல்ல வேண்டும். நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரியில் தமிழில் பேச ஆள் தேடி அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும், அவர்கள் தேடியது கட்டில் இலக்கம் கேட்பதற்கு.

குடும்பத்தில் யார் முடிவெடுப்பது என்ற பகுதியில் வகுப்பே சிரித்துவிட்டது. பாடக் குறிப்பில் துணைவர், பிள்ளைகள், பெற்றோர், சகோதரர் என்று வரிசை இருந்தது. எங்கள் வீடுகளில் அந்த வரிசை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான். உள்ளே தாய்மாமன் கதைப்பார், அப்புறம் வட்ஸ்அப்பில் கனடா அண்ணர் வருவார். கனடா அண்ணர் “நான் வாற வரைக்கும் ஒண்டும் செய்யாதேங்கோ” என்றால் கதை முடிந்தது. இணைப்பாளருக்குக் கொடுக்கிற பயிற்சியில் கனடா அண்ணருடன் தொலைபேசியில் பேசுவதும் இருக்க வேண்டும், பகிடியாகச் சொல்லவில்லை.

தமிழ்நாடு பற்றிய கட்டுரை மட்டும் தமிழில் தந்தார்கள். 2008இல் திருக்கழுக்குன்றத்தில் வைத்தியர்களான ஒரு தாய் தகப்பன், விபத்தில் மூளை இறப்படைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே இந்தத் தானம் சனத்தின் வாயில் புழங்கும் விசயமானது. 2023 செப்டெம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரச மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். இந்தியச் சட்டமும் கேட்டு வாங்குகிற சட்டம்தான். இதைப் பற்றி வகுப்பில் பேசவே இல்லை, வீட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். பிரதி அவ்வளவு மங்கல், பாதியை ஊகித்துத்தான் வாசித்தேன்.

கண்தானத்தை இந்தக் கற்கை கிட்டத்தட்ட மறந்தேவிட்டது, இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மறுக்காவிட்டால் சம்மதம் என்ற சட்டம் எதுவும் இல்லாமல், டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் இந்த நாட்டிலிருந்து உலகம் முழுக்கக் கருவிழி அனுப்பியிருக்கிறது. 1964இல் முதலில் போனது சிங்கப்பூருக்கு. ஜே.ஆர். ஜயவர்தன 1996இல் இறந்தபோது அவருடைய கருவிழி யப்பானுக்குப் போனது. சிங்கள பௌத்தர்களுக்குச் சிவி அரசன் கண்ணைக் கொடுத்த ஜாதகக் கதை விகாரையில் கேட்டுப் பழக்கம். எங்களுக்கும் கண்ணப்பர் இருக்கிறார், கோணேசர் மலையில் ஏறிக் கும்பிடுகிறோம். ஆனால் கண்தானப் பத்திரம் நிரப்பியவர்கள் என் பிரிவில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். ஒருதரம் ஓரிடத்தில் அந்தப் பத்திரம் கேட்டபோது சிங்களத்தில் மட்டும்தான் வைத்திருந்தார்கள்.

கருவிழிக்கு மூளை இறப்பு தேவையில்லை. செயற்கைச் சுவாசக் கருவியும் தேவையில்லை. வீட்டில் இறந்தவரிடமிருந்தும் சில மணித்தியாலத்துக்குள் எடுக்கலாம். வீட்டில் மரணம் நடந்தால் அறிக்கை எழுதப் போவது நான். நான் போகும்போது பெரும்பாலும் பெட்டி வந்திருக்கும், பந்தல் போட்டு முடிந்திருக்கும், நேரம் கடந்திருக்கும். இறந்த உடனே முதலாவது தொலைபேசி அழைப்பு யாருக்குப் போகிறது, அந்த ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு கொள்கைக் கேள்வி. இதை நான் கடைசி வகுப்பில் கேட்டேன். சேர் கொப்பியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார், அடுத்த பிரிவுக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். சேர்ப்பாரா தெரியாது.

பரீட்சை என்பது அமைச்சுக்கு எழுதுவது போல ஒரு கொள்கைக் குறிப்பு. நான் எழுதியது இதுதான்: 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் சம்மத முறையை மாற்ற வேண்டாம். மாற்றுவதற்குச் செலவாகும் காசில் மாவட்ட வைத்தியசாலைகளில் தமிழும் சிங்களமும் பேசும் இணைப்பாளர்களை நியமியுங்கள். கண்தானப் பத்திரத்தை மூன்று மொழியில் அச்சடித்து கிராம உத்தியோகத்தர் கந்தோர்களில் வையுங்கள். அனுமானத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் இங்குள்ளவர்களிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். மூன்று பக்கத்துக்குத் திருத்தியவர் எழுதிய கருத்து ‘நன்று’ என்ற ஒரே சொல். புள்ளி நல்லது, ஆனால் பிரேசில் பற்றி நான் எழுதியது சரியா பிழையா, இணைப்பாளர் யோசனைக்கு எங்கே ஓட்டை என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பரீட்சைக் கட்டணம் உறுத்தியிருக்காது.

மற்ற வசதிகள்: மின்விசிறி இரண்டில் ஒன்றுதான் சுழலும். வைகாசி, ஆனி மாதக் கச்சான் காற்றில் ஜன்னலைத் திறந்தால் பிரதிகள் பறக்கும், மூடினால் வேர்க்கும். கீழ்க்கடை பிளேன்டீயும் உளுந்து வடையும் நல்லம், அதற்குக் குறை சொல்லமாட்டேன். பெண்களுக்கான கழிப்பறைக்குப் பூட்டு இல்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகு ஒரு கொளுக்கி போட்டார்கள். சான்றிதழ் சொன்ன மாதத்தில் வரவில்லை, வந்தபோது என் பெயரில் ஒரு எழுத்துக் குறைந்திருந்தது. திருத்தித் தந்தார்கள், காசு கேட்கவில்லை.

யாருக்கு இது பொருந்தும்? தாதியர், சமூக சேவை உத்தியோகத்தர், எங்களைப் போன்ற கிராம உத்தியோகத்தர், பள்ளிவாசல் கோயில் நிர்வாகங்களில் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். நாடகமும் நேரக் கணக்கும் ஸ்பெயின் வகுப்பும் காசுக்குப் பெறுமதி. மீன்பிடிக்கும் காணிக்கும் போக நினைப்பவர்கள் காசைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். நானாவின் கேள்விக்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்கியிருந்தால் நாலரை.

அடுத்த பிரிவு சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு தொடங்குகிறதாம். முன்னுக்கு இடது பக்கக் கதிரையைப் பிடியுங்கள், சுழலுகிற மின்விசிறி அதற்கு மேலேதான். தவணைக் காசு கட்டும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.